டிஸ்பிளேல 104, டம்ளர்ல கரி

வீட்ல ஒரு எஸ்பிரெஸ்ஸோ மெஷின் இருக்கு. இதைச் சொன்னாலே எங்க ஊர்ல ஒரு மாதிரி பாக்கறாங்க. "டிகாஷன் எறக்க பித்தளை ஃபில்டர் போதாதா, அதுக்கு எதுக்குப்பா இவ்ளோ பெரிய பெட்டி?"ன்னு பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் தெரியாததால சிரிச்சு வெச்சேன் :)

ஊர்னு சொன்னது போச்சம்பள்ளி. பட்டுச் சேலைக்குப் பேர் போன போச்சம்பள்ளி இல்லீங்க, அது தெலங்கானாவுல. வினோபா பாவே 1951-ல பூதானத்தை ஆரம்பிச்சதும் அந்தப் போச்சம்பள்ளியில தான். இது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி. எங்களுக்கு ஞாயித்துக்கெழமை சந்தையும் சிப்காட்டும் தான் அடையாளம். 2021-ல ஓலா ஸ்கூட்டர் ஃபேக்டரி வந்தப்புறம் தான் வெளியூர்க்காரங்க கிட்ட "சேலை இல்லீங்க"ன்னு விளக்கம் சொல்ற வேலை கொஞ்சம் குறைஞ்சுது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

மெஷின் பெங்களூர்ல ஒருத்தர் வீட்டைக் காலி பண்ணும்போது செகண்ட் ஹேண்டா வாங்கினது. ஒரே ஒரு சின்ன பாய்லர், அதுக்குள்ள ஒரு ஹீட்டர், ஒரு குட்டி பம்ப். அவ்ளோ தான். வாங்கின முதல் மாசம் முழுக்க எங்க வீட்ல காபி ஒரு லாட்டரி. ஒரு நாள் தேன் மாதிரி இறங்கும். மறுநாள் அதே தூள், அதே அளவு, அதே கை... ஆனா புளிக்கும். அதுக்கு மறுநாள் கஷாயம் மாதிரி கசக்கும். தங்கமணி ஒவ்வொரு நாளும் முதல் மடக்கு குடிச்சிட்டு என் மூஞ்சியப் பாப்பாங்க. தேர்வு முடிவுக்காக நிக்கற பையன் மாதிரி நான் நிப்பேன்.

புளிப்புக்கும் கசப்புக்கும் காரணம் தேடினா சூட்டுல போய் நிக்குது. எஸ்பிரெஸ்ஸோவுக்கு தண்ணி காபித்தூளைத் தொடும்போது 90-ல இருந்து 96 டிகிரிக்குள்ள இருக்கணும்னு கணக்கு. அதுக்குக் கீழ போனா தூள்ல இருக்கற இனிப்பு வெளிய வர்றதுக்குள்ள ஷாட் முடிஞ்சிடும், புளிப்பு மட்டும் முன்னாடி வந்து நிக்கும். மேல போனா கசப்பும் துவர்ப்பும் சேர்ந்து இறங்கிடும். லேசா வறுத்த கொட்டைக்கு சூடு கூட வேணும், கருக வறுத்ததுக்குக் குறைக்கணும். நான் வாங்கறது ஏற்காட்டு அராபிகா, நடுத்தர வறுவல். (ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டு வந்தது 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன். நமக்குப் பக்கத்து ஜில்லா தான், ஆனாலும் நம்மாளுங்களுக்கு காபின்னா சிக்மகளூர், குடகு தான் வாயில வரும்.)

நம்ம ஃபில்டர்ல இந்தத் தொல்லை ஏன் இல்லை? தளதளன்னு கொதிச்ச தண்ணிய மேல ஊத்தி மூடி வெச்சிடறோம். அது சொட்டுச் சொட்டா இறங்க நேரம் நெறைய எடுத்துக்குது, அவசரமே இல்ல. ரெண்டு டிகிரி அப்படி இப்படி இருந்தாலும் சிக்கரியும் பாலும் சர்க்கரையும் சேர்ந்து மன்னிச்சு விட்டுடும். எஸ்பிரெஸ்ஸோவுக்கு கிடைக்கறது வெறும் 25, 30 செகண்ட். 9 பார் அழுத்தம். மன்னிப்பு கெடையாது.

மெஷின்ல சூட்டைப் பாத்துக்கறது என்னன்னு திறந்து பாத்தேன். இஸ்திரிப் பெட்டியில இருக்குமே, சூடானா 'டிக்'னு வளைஞ்சு கரெண்ட்டை நிறுத்தற தகடு, அதே தான்! ஆறினப்புறம் மறுபடி 'டிக்'. அதுக்கு நடுவுல சூடு ஊஞ்சல் ஆடுது. எவ்ளோ ஆடுதுன்னு அளந்து பாத்துடலாம்னு உக்காந்தேன். இதுக்கு தெர்மாகோல் கப் தான் சரி, சூட்டை உறிஞ்சாது. ஆனா தமிழ்நாட்டுல அதுக்கு 2019-லேயே தடை. டிவி வந்த பெட்டியில இருந்த தெர்மாகோலைக் குடைஞ்சு கப் பண்ணேன். அதுல கே டைப் தெர்மோகப்பிள் ஒண்ணைச் சொருகி, தண்ணி விழற இடத்துலயே பிடிச்சேன்.

அளக்கறதுக்கு முன்னாடி மீட்டர் சரியான்னு பாக்க கொதிக்கிற தண்ணியில முக்கினேன். நூறு காட்டணும்னு நினைப்பீங்க. காட்டாது, காட்டவும் கூடாது. 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர், அங்க தண்ணி 97-லேயே கொதிச்சிடும். நம்ம ஊர் அவ்ளோ மேடு இல்ல, 98-க்கும் 99-க்கும் நடுவுல. மீட்டரும் அப்படித்தான் காட்டுச்சு.

அப்புறம் காபி மெஷின். 'டிக்' சத்தத்துக்கு முன்னாடி எடுத்தா 86. சத்தம் கேட்ட உடனே எடுத்தா 98. பன்னண்டு டிகிரி வித்தியாசம்! அந்த ஒரு மாச லாட்டரிக்கு விடை கெடைச்சுது. லைட் அணைஞ்சதும் முப்பது எண்ணி எடுக்கறதுன்னு ஒரு வைத்தியம் இருக்கு, காபிப் பைத்தியங்க அதை டெம்பரேச்சர் சர்ஃபிங்னு சொல்வாங்க. காலையில ஆறு மணிக்கு ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்கணும்னா எவன் எண்ணிட்டு நிப்பான்?

இங்க தான் நம்ம தொழில் கைகொடுத்துச்சு. நான் சிப்காட்ல ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில மெயின்டெனன்ஸ். நாள் பூரா பிஐடி கன்ட்ரோலர் கூடத்தான் குடித்தனம். பிஐடின்னா பெருசா ஒண்ணும் இல்லீங்க. தோசைக்கல்லு முன்னாடி நிக்கற அம்மாவை நினைச்சுக்கோங்க. கல்லு எவ்ளோ ஆறியிருக்குன்னு பாத்துத் தீயை ஏத்துவாங்க. ரொம்ப நேரமா சூடு பத்தாமலே இருக்குன்னா இன்னும் கொஞ்சம் ஏத்துவாங்க. திடுதிடுன்னு சூடேறுதுன்னா, காயறதுக்கு முன்னாடியே குறைப்பாங்க. இந்த மூணையும் கணக்கா மாத்தினா பிஐடி. இதுக்கான கணக்கை 1922-ல எழுதினவர் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, ரஷ்யாவுல பொறந்து அமெரிக்கா போனவர். கப்பலைத் தானா ஓட்டறதுக்காக, சுக்கான் பிடிக்கிற மாலுமி எப்படித் திருப்பறான்னு கவனிச்சு எழுதினார். கப்பல்ல இருந்து காபி வரைக்கும் வந்துடுச்சு பாருங்க. வீட்டு மெஷினைப் பிரிச்சு இதை மாட்டற பழக்கம் அமெரிக்காவுல 2000-கள் தொடக்கத்துலயே வந்தாச்சு. நான் லேட்.

ஒரு கன்ட்ரோலர், ஒரு எஸ்எஸ்ஆர், ஒரு ஸ்க்ரூ டைப் தெர்மோகப்பிள். பழைய தெர்மோஸ்டாட் உக்காந்திருந்த துளையிலயே தெர்மோகப்பிளை முறுக்கினேன். பாய்லர்ல இருக்கற தெர்மல் ஃப்யூஸை மட்டும் தொடல. (யாராவது செஞ்சா நீங்களும் அதைத் தொடாதீங்க, எர்த் வயரையும் மறக்காதீங்க. உள்ள ஓடறது 230 வோல்ட். தண்ணியும் பக்கத்துலயே இருக்கு.) ஹீட் சிங்க் பேஸ்ட் தடவியிருக்கணும். கையில இல்ல, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன். இந்த 'அப்புறம் பாத்துக்கலாம்' ஞாபகத்துல இருக்கட்டும்.

பாய்லர் மேல 104 வெச்சா, குளிர்ந்த தண்ணி கலந்து, இரும்பையெல்லாம் தாண்டித் தூள் மேல விழும்போது 93. தெர்மாகோல் கப்பை வெச்சு அஞ்சாறு தடவை பாத்தேன், அரை டிகிரி கூட நகரல. தங்கமணி முதல் மடக்குக்கு அப்புறம் என்னைப் பாக்காம பேப்பரைப் பாக்க ஆரம்பிச்சாங்க. பாஸ்!

தண்ணியைப் பத்தியும் ஒரு வார்த்தை. எங்க மாவட்டத்துலயும் தருமபுரியிலயும் போர் தண்ணியில ஃபுளோரைடு. பல்லு கறை பிடிச்ச பசங்களை எங்க தலைமுறையில எல்லா கிளாஸ்லயும் பாக்கலாம். அதுக்காகத் தான் ஜப்பான் கடன்ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013-ல காவிரி தண்ணி விட்டாங்க. போர் தண்ணி உப்பும் ஜாஸ்தி, பாய்லர்ல சுண்ணாம்பு மாதிரி படியும். படிஞ்சா சூடு சரியா ஏறாது. அதனால மெஷினுக்கு காவிரி தான். குழாய்ல வராத நாள்ல எங்க வீட்ல ஃபில்டர் காபி.

ரெண்டு மாசம் நல்லா போச்சு. அப்புறம் ஒரு நாள் தங்கமணி டம்ளரை வெச்சிட்டு, "கரிஞ்ச வாடை அடிக்குதுங்க"ன்னாங்க.

நான் மெஷினைப் பாத்தேன். 104. சிவப்பு எழுத்துல ஜம்முனு நிக்குது. "இல்லம்மா, சூடு கரெக்டா இருக்கு. தூள் பழசாயிருக்கும்."

மறுநாள் புதுத் தூள். "அதே வாடை தாங்க."

"104 தான் காட்டுது, பாரு."

மூணாவது நாளும் அதே பேச்சு. எனக்குக் கொஞ்சம் கோவமே வந்துடுச்சு. பதினஞ்சு வருஷமா இந்தக் கன்ட்ரோலரோட குடித்தனம் பண்றவனுக்கு இவங்க பாடம் எடுக்கறாங்களேன்னு. குரலை உசத்தி ஏதோ சொன்னேன். அவங்க உசத்தல. டம்ளரை என் பக்கம் நகத்தி வெச்சாங்க.

"ஏங்க, காபி குடிக்கறது நானா, அந்த டிஸ்பிளேவா?"

குடிச்சேன். கரி.

தெர்மாகோல் கப்பைத் தேடி எடுத்து அளந்தேன். 99. ஒரு வாரமா ஹெட்ல இருந்து தண்ணி வரும்போது புஸ்ஸுனு ஆவி அடிச்சுது, அதையும் பாத்துட்டுத் தான் இருந்தேன். பாய்லர் 104-ல இருந்தா அப்படி அடிக்காது. கன்ட்ரோலர்ல இன்னொரு பட்டனைத் தட்டினா ஹீட்டர் எத்தனை சதவீதம் ஓடுதுன்னு காட்டும். சும்மா நிக்கும்போது முன்னெல்லாம் பத்து, பன்னண்டு. இப்ப இருபதைத் தாண்டி நிக்குது. சும்மா நிக்கறதுக்கு எதுக்கு இவ்ளோ கரெண்ட்?

மூடியைத் திறந்து தெர்மோகப்பிளைத் தொட்டேன். ஆடுது. பம்ப் அதிர்வுல மரை கழண்டு, பேஸ்ட்டும் இல்லாததால, முனை பாய்லரைச் சரியாத் தொடவே இல்ல. தெர்மோகப்பிள் பாவம், தான் நிக்கற இடத்துச் சூட்டை உண்மையா சொல்லிட்டுத்தான் இருக்கு. அந்த இடம் 104 ஆகணும்னா பாய்லர் அதுக்கு மேல பத்து டிகிரி கொதிச்சாகணும். கன்ட்ரோலர் தன் வேலையை ஒழுங்கா செஞ்சுது. டிஸ்பிளேவும் பொய் சொல்லல. ஆனா காபி கரிஞ்சுது.

பேஸ்ட் தடவி முறுக்கினேன். கப்ல 93. இருபது நிமிஷ வேலை.

கை கழுவிட்டு இருக்கும்போது தான் அது மண்டையில இறங்குச்சு. "கரிஞ்ச வாடை அடிக்குது." இதே வார்த்தையை மூணு வாரத்துக்கு முன்னாடி வேற ஒருத்தர் என்கிட்ட சொல்லியிருக்கார்.

கம்பெனியில ஒரு மோல்டிங் மெஷின்ல ரிஜெக்ஷன் ஏறிடுச்சு. பார்ட் மேல வெள்ளி வெள்ளியா கோடு, ஓரத்துல பழுப்பு. மெஷின்ல நின்னது பர்கூர் பக்கத்துத் தம்பி ஒருத்தன். கான்ட்ராக்ட் ஆளு, வந்து நாலு மாசம் தான் இருக்கும். "ண்ணா, பேரல் ஓவரா சூடாகுது ண்ணா, கரிஞ்ச வாடை வருது"ன்னான். நான் போய் பேனலைப் பாத்தேன். ஸோன் மூணும் 220. சொல்லி வெச்ச மாதிரி 220. "சூடெல்லாம் கரெக்டா இருக்குப்பா"ன்னு சொல்லிட்டு ரிப்போர்ட்ல 'டெம்பரேச்சர் ஓகே'ன்னு எழுதி கையெழுத்துப் போட்டேன். அப்ப வேற என்ன காரணம்? சூப்பர்வைசர் கண்டுபிடிச்சார்: பையன் கதவைத் திறந்து போட்டுட்டு நிக்கறான், மெட்டீரியல் பேரல்லயே கெடந்து கருகுது. கேக்க நம்பற மாதிரி தான் இருந்துச்சு, அப்படியும் ஆகும். தம்பியை பேக்கிங்குக்கு மாத்தினாங்க. ஒரு வாரத்துல கான்ட்ராக்டர் 'வர வேணாம்'னு சொல்லிட்டார். என் காதுக்கும் வந்துச்சு. பாவம்னு நினைச்சேன். நினைச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. காலையில ஷிஃப்ட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போயிட்டேன். அந்த மெஷின் பேனல்ல ஹீட்டர் அவுட்புட் பாத்தேன். முதல் ரெண்டு ஸோனும் முப்பது பக்கம். மூணாவது ஸோன் எழுபது. இது அன்னைக்கும் அங்க தான் இருந்திருக்கும், ஒரு பட்டன் தள்ளி. பேரல்ல தெர்மோகப்பிளைத் தொட்டேன். லாக் விட்டுப் போய், ஸ்பிரிங் தளர்ந்து, துளையில இருந்து விரக்கடை வெளிய. மெட்டீரியலை வெளிய தள்ளி, உருகி வந்ததுல முள்ளு மீட்டரைக் குத்தினேன். 248.

தம்பியோட மூக்கு சரி. என் கையெழுத்து தப்பு.

சூப்பர்வைசர் கிட்ட சொன்னேன். அவரு கெட்டவர் எல்லாம் இல்ல. "விடுங்க, இப்ப சரி பண்ணியாச்சுல்ல. ஆளும் போயாச்சு, இனிமே அதைக் கிளறி என்ன?"ன்னார். லாக் புக்ல எழுதறேன்னு சொன்னேன். "உங்க இஷ்டம்"னார். தேதி போட்டு, அந்த ரிஜெக்ஷனுக்குக் காரணம் தெர்மோகப்பிள், ஆபரேட்டர் முன்னாடியே சொல்லியிருந்தார், நான் சரியாப் பாக்கலன்னு எழுதினேன். எழுதும்போது காது சூடா இருந்துச்சு. அதுக்கு டிஸ்பிளே இல்ல.

தம்பி நம்பரை அவன் கூட வேலை செஞ்ச பையன்கிட்ட வாங்கினேன். கூப்பிட ரெண்டு நாள் ஆச்சு. வேலை இருந்துச்சுன்னு எல்லாம் சொல்லல, தைரியம் வர ரெண்டு நாள். ஓசூர்ல வேற கம்பெனியில சேந்திருந்தான், ரூம் எடுத்துத் தங்கறானாம். விஷயத்தைச் சொல்லி, தப்பு என்னோடது தம்பின்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்ல. பின்னாடி ஏதோ மெஷின் ஓடுது.

"நான் தான் அன்னைக்கே சொன்னேனே ண்ணா."

"ஆமாப்பா, சொன்ன."

"சரி விடுங்க ண்ணா." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ண்ணா, கடைசி வாரம் ஆறு நாள் சம்பளம் இன்னும் வரல. கான்ட்ராக்டர் ஃபோனே எடுக்க மாட்டேங்கறார். நீங்க ஒரு வார்த்தை கேட்டா..."

திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்கன்னு கேட்பான்னு நினைச்சுப் பதில் எல்லாம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். அவன் கேட்டது இது. கான்ட்ராக்டர் கிட்ட ஒரு வார்த்தை இல்ல, ஏழெட்டு வார்த்தை கேட்டேன். மூணு தடவை நடந்தேன். லாக் புக்ல எழுதினதை ஃபோன்ல படம் எடுத்து வெச்சிருந்தேன், மூணாவது தடவை அதைக் காமிச்சேன். நாலு நாள் சம்பளம் போட்டார். மீதி ரெண்டு நாள் 'வேலைக்கு வரல'ன்னு ரெஜிஸ்டர்ல இருக்காம். தம்பி வந்தேன்னு தான் சொல்றான். அது இன்னும் இழுத்துட்டு இருக்கு. அடுத்த வாரம் நாலாவது நடை.

காபிக்கு வர்றேன். கொஞ்ச நாளா வேற வறுவல் வாங்கறேன், இன்னும் கொஞ்சம் கருப்பு. அதுக்கு 93 ஜாஸ்தி, 91 போதும்னு படுது. அதனால இப்ப பாய்லர் 102. ஞாயித்துக்கெழமை சந்தைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து தெர்மோகப்பிளை ஒரு தடவை ஆட்டிப் பாத்துடறேன், தெர்மாகோல் கப்லயும் ஒரு தடவை. கம்பெனியிலயும் ரவுண்ட்ஸ் போகும்போது நம்பரோட ஹீட்டர் அவுட்புட்டையும் எழுதணும்னு ஒரு காலம் சேத்திருக்கேன். பசங்க "சாருக்கு வேற வேலை இல்ல"ன்னு பேசிக்கறாங்களாம் :)

நேத்து காலையில தங்கமணி ஒரு மடக்கு குடிச்சிட்டு, "இன்னைக்கு லேசா புளிக்குது"ன்னாங்க. டிஸ்பிளேல 102. நான் டிஸ்பிளேவைப் பாக்கல... சரி, பாத்தேன். ஆனா எதுவும் சொல்லல. கப்பை எடுத்துட்டு வந்தேன்.